பொறுத்திருக்கும் பணம்

1976ஆம் ஆண்டு வங்காளதேசத்தின் சிட்டகாங் நகரை அடுத்த ஜோப்ரா என்னும் சிற்றூரில், மூங்கில் முக்காலி பின்னிய பெண்மணி ஒருவரிடம் கணக்குக் கேட்டறிந்தார் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ். மூங்கிலுக்கு ஐந்து டாக்கா வேண்டும். கைமுதல் இல்லாமையால் அதைத் தரகரிடம் கடனாகப் பெற்று, அவர் வைத்த விலைக்கு அவரிடமே முக்காலியை விற்றாக வேண்டும். எஞ்சும் கூலி ஐம்பது பைசா. அவ்வூரில் இவ்வாறு கட்டுண்டிருந்தோர் 42 பேர். அவர்கள் அனைவருக்கும் தேவைப்பட்ட தொகை 856 டாக்காதான். யூனுஸ் அதைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். 1983இல் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கி உருவானது அந்த வித்திலிருந்தே.

இன்று அந்தப் பேராசிரியரின் இடத்தில் உலகின் எந்த மூலையிலுள்ளவரும் நிற்கலாம். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய கீவா அமைப்பின் வழியே, 25 டாலர் உடையவர் உகாண்டாவின் சிறுவணிகருக்குக் கடன் தர முடிகிறது. தருபவருக்கு வட்டி கிடையாது. பணம் திரும்பாவிடில் இழப்பும் அவருடையதே. முகமறியாதவரிடம் வைக்கும் இந்த நம்பிக்கையை நாம் பெரிதும் போற்றுகிறோம். போற்றுவதனாலேயே ஒன்றைக் கேட்கிறோம்: வட்டியின்றிப் புறப்பட்ட பணம் உழைப்பவர் கையை எப்படி வந்தடைகிறது?

பெரும்பாலும் உள்ளூர் நிறுவனங்களே கடன் தந்து வசூலிக்கின்றன, வட்டியும் பெறுகின்றன. ஊழியர் சம்பளமும் பயணச் செலவும் உண்டு, ஆதலால் வட்டியே கூடாதென்பது நம் வாதமன்று. நம்மை வருத்துவது தவணையின் அவசரம். கடன் பெற்ற சில வாரங்களிலேயே தவணை தொடங்கினால், அப்பணத்தைக் கொண்டு எவரும் தையல் இயந்திரம் வாங்கத் துணியார். அன்றன்றே விற்றுக் காசாகும் சரக்கையே வாங்குவர். தொழில் வளராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வுகள், சிறுகடன் ஏழைக் குடும்பங்களின் வருவாயைப் பெரிதாக உயர்த்தியதாகக் காட்டவில்லை.

கொல்கத்தாவில் நடந்த மற்றோர் ஆய்வு வழிகாட்டுகிறது. முதல் தவணை இரண்டு வாரத்திற்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்தே தொடங்கும் என்ற போது, கடன் பெற்றோர் தொழிலில் கூடுதல் முதலிட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின் அவர்தம் இலாபமும் மிகுந்திருந்தது. கடனைத் திருப்பாதோர் எண்ணிக்கையும் கூடியது உண்மை. வணிக நிறுவனம் அந்த இழப்பை அஞ்சும். பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய பணம் பொறுத்திராது. 2010இல் ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்கள் ஒரே வீட்டின்மீது கடன்மேல் கடன் ஏற்றி, வாரந்தோறும் வாசலில் நின்று நெருக்கியதால் உயிர்கள் மாய்ந்தன என்ற குற்றச்சாட்டு எழுந்து, அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டில் சிறுகடன் நிறுவனம் ஒன்று பங்கு வெளியீட்டில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தது.

இலாபம் நாடாத அன்பரின் 25 டாலருக்கு இத்தகைய அவசரம் ஏதும் இல்லை. இழப்பைத் தாங்க அவர் முன்னமே இசைந்துவிட்டார். அந்தப் பொறுமை கடன் பெறுபவர் வரை சென்று சேர வேண்டும். வட்டி எவ்வளவு, முதல் தவணை எந்நாள், விளைச்சலோ விற்பனையோ பொய்த்தால் எத்தனை காலம் பொறுக்கும் என்பவற்றை ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் வெளியிட வேண்டும். வெளியிட மறுக்கும் நிறுவனத்திடம் கடன் தருவோர் தம் பணத்தை ஒப்படைக்கலாகாது.