போத்தலுக்குள் ஒரு நுளம்புப் பாடம்

டெங்குச் செய்திகளை எத்தனையோ மாரிகாலங்களில் எழுதியும் திருத்தியும் அச்சுக்கு அனுப்பியவன் நான். அவற்றில் பெரும்பாலும் மூன்றே பாத்திரங்கள்: புகை விசிறும் ஊழியர், வளவைப் பரிசோதிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நோயாளரால் நிரம்பிய மருத்துவமனை விடுதி. நான்காவது ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலுள்ள ஏழெட்டு வயதுப் பிள்ளை.

பிள்ளைக்கு நாம் நுளம்பைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. “கடிக்கும், காய்ச்சல் வரும்” என்று அச்சுறுத்துவதோடு நிறுத்திவிடுகிறோம். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடே வகுப்பறையாயிற்று. அப்போதும் பிள்ளைகள் கைபேசித் திரையையே பார்த்திருந்தனர். முற்றத்துச் சிரட்டைக்குள் நெளிந்த பாடத்தைப் பார்த்தவர் சிலரே.

அப்பாடத்துக்குச் செலவில்லை. குடம்பிகள் உள்ள நீரைக் கண்ணாடிப் போத்தலொன்றில் எடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். நாள்தோறும் கண்டதைப் பிள்ளை வரைந்து வைக்கட்டும். குடம்பி தோலுரித்து வளரும். காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழுவாகும். ஒருநாள் அதன் முதுகு பிளந்து நுளம்பு வெளிவரும். கண்டவுடன் துணியை அவிழ்க்காமலே சவர்க்கார நீரை ஊற்றிக் குலுக்கி அழித்துவிட வேண்டும். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

நமது வெப்பத்தில் முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் போதும். வாரம் ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்க்கச் சொல்வது இதனாலேயே. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், நீருக்குள் இருப்பதைத் தொடாது என்பதும் போத்தலைப் பார்த்த பிள்ளைக்கு விளங்கும். டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தொட்டி நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைப் பெரியவர் பலரே அறியார்.

இணுவில் போன்ற கிணற்றை நம்பி வாழும் ஊர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஈடிசு, கியூலெக்சுக் குடம்பிகள் நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசுக் குடம்பியோ நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் காண நுணுக்குக்காட்டி வேண்டாம், பிள்ளையின் கண் போதும்.

இது வெறும் அறிவுப் பொழுதுபோக்கன்று. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மன்னார்க் கிணறுகளில் அனோபிலிசு சுடீபன்சி என்ற புதிய நுளம்பின் குடம்பிகள் அகப்பட்டன. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. நோய்க்கிருமியோடு வெளிநாட்டிலிருந்து வருவோர் இன்றும் உள்ளனர். 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே இருந்தனர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அத்தொகை பல இலட்சமாயிற்று. வெற்றியின்பின் வந்த அசட்டையும் அதற்கொரு காரணம்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடும் பிள்ளைக்கு இதற்கு நேரமேது என்பீர்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். இப்படிக் கற்றதை எந்தப் பரீட்சையிலும் பிள்ளை மறவாது. புலம்பெயர்ந்த வாசகர்களும் இதை ஊர்க்கதை என்று ஒதுக்க வேண்டாம். ஆசியப் புலி நுளம்பு இன்று பிரான்சிலும் இத்தாலியிலும் குடியேறிவிட்டது.

2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வளவுக்கும் தொடக்கம் நாம் கவனியாத நீர்தான். வரும் ஞாயிறு பிள்ளையின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைப் படித்த பெற்றோர் சும்மா இருக்கமாட்டார் என்பது என் நம்பிக்கை.