பரண் கட்டினால் பட்டாவா?



மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி மான் வேட்டைக் காலம். பொதுக் காட்டில் பரண் கட்டுபவர் அதில் பெயர், முகவரி போன்ற தன் அடையாளத்தை எழுத வேண்டும் என்பது விதி. அதைச் சிலர் இடத்துக்கான பட்டாவாகவே நினைக்கிறார்கள். அது தவறு, விதி அந்த உரிமையைத் தரவில்லை.

சென்ற ஆண்டு இருட்டோடு போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். விடிந்தபின் வந்த ஒருவர், பக்கத்துப் பரணைக் காட்டி, "இது என் இடம்" என்று சத்தம் போட்டார். இருவர் கையிலும் துப்பாக்கி. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். மான் போனது போகட்டும், அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

ஆள் இருப்பது தெரிந்தால் ஓசைப்படாமல் விலகிப் போவதுதான் காட்டு மரியாதை. புதிதாக உரிமம் எடுக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதை முதலில் பழகுங்கள்.

– ஒரு வாசகர், டெட்ராய்ட்