தாளம் போடாமல் கேளுங்கள்



ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலில் திருவிழா மேளம் சூடுபிடிக்கும்போது தவில்காரரை விடுங்கள், எதிரே நிற்கும் பெரியவர்களின் கையைப் பாருங்கள். ஆதி தாளம் ஓடிக்கொண்டிருக்கும். கோர்வை ஒன்று இப்படிப் போகலாம்: ஐந்தெழுத்துச் சொல் மூன்று தடவை, ஐந்தெழுத்து இடைவெளி, ஆறெழுத்து மூன்று தடவை, மறுபடி ஐந்து இடைவெளி, கடைசியில் ஏழெழுத்து மூன்று தடவை. 15, 5, 18, 5, 21. கூட்டினால் 64 எழுத்து, சரியாக இரண்டு ஆவர்த்தனம். அது சமத்தில் வந்து விழுந்ததும், பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் ஓடியவர்கூடத் தலையாட்டிவிடுவார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி மறைந்தது 1975இல். அவருடைய தவில் பதிவுகளைக் கைபேசியில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே, கணக்கு மிகுந்த இசை நமக்கு ஒத்துவராது என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். இருந்தும், இந்த இதழில் இயானிஸ் ஸெனாகிஸ் பற்றி எழுதலாம் என்றதும் அலுவலகத்திலேயே முகம் சுளித்தார்கள்!

ஸெனாகிஸ் (1922–2001) கிரேக்கர், படித்தது பொறியியல். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயிடம் பாரிஸில் வேலை பார்த்தவர். 1962இல் ஐபிஎம் 7090 கணினியில் நிகழ்தகவுச் சூத்திரங்களை ஓட்டி, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ சேர்ந்த ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்றை உருவாக்கினார். பெயர் ‘எஸ்டி/4-1,080262’. 4 என்பது வாசிப்பவர்கள். கடைசி ஆறு இலக்கங்கள் 1962 பிப்ரவரி 8ஆம் தேதி. பெயரே பயமுறுத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கோர்வையின் கணக்கு விரலுக்குள் அடங்கும். ஸெனாகிஸின் இசையில் பிடித்துக்கொள்ளத் தாளமே கிடையாது. ஆலங்கட்டி மழையையும் கோடைச் சில்வண்டுகளின் இரைச்சலையும் அவரே தன் இசைக்கு உதாரணம் காட்டி எழுதியிருக்கிறார். தகரக் கூரை லயத்தில் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மழையில் துளியை யாரும் எண்ணுவதில்லை. வலுக்கிறதா, ஓய்கிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்பிற்று என்றுதான் காது போகும். அப்படித்தான் இதையும் கேட்க வேண்டும்.

ஆனால் எஸ்டி/4-இல் தொடங்காதீர்கள். அது வறட்சியானது என்பது என் அபிப்பிராயம். 1983இல் அர்திட்டி குவார்ட்டெட்டுக்காக அவர் எழுதிய ‘டெட்ராஸ்’ அப்படியல்ல. முதலில் ஒற்றை வயலின், எந்தச் சுரத்திலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. ஜாருவும் கமகமும் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் அந்நியம் எதுவுமில்லை. பியானோவோடு வளர்ந்த காதுதான் திடுக்கிடும். பிறகு வில்லை அழுத்திக் கரகரக்க வைக்கிறார்கள், கருவியின் மரத்தைத் தட்டுகிறார்கள். சில இடங்களில் எந்தக் கருவி வாசிக்கிறது என்றே சொல்ல முடியாது.

கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான உருப்படி. முதல் தடவை சும்மா ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை, நால்வரும் எங்கே ஒன்றாகச் சேர்கிறார்கள், எங்கே பிரிந்து போகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேட்டுவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். தலைவலிதான் மிச்சம் என்றால் அதையும் எழுதலாம். எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் அந்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்