நீலமும் நீல ஸ்பினலும்

இலங்கையின் இரத்தினபுரியில் வயல்களுக்கு அடியே குழி தோண்டி, கூழாங்கல் கலந்த மண்ணை மேலே ஏற்றி, கூடைகளிலிட்டு நீரில் அலசுவர். எடை மிகுந்த கற்கள் கூடையின் அடியில் தங்கும். அவற்றுள் நீலமும் உண்டு. நீல ஸ்பினலும் உண்டு. ஒரே கூடையில் கிடைத்த இரண்டையும் முன்னோர் ஒன்றெனக் கருதியதில் வியப்பில்லை. 1783-இல்தான் பிரெஞ்சு அறிஞர் ரோமே த லீல், ஸ்பினல் வேறு, மாணிக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். பிரித்தானிய அரச மகுடத்தின் முகப்பில் 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயரோடு இன்றும் விளங்குவது சிவப்பு ஸ்பினலே.

நவரத்தினங்களுள் ஸ்பினலுக்கு இடமில்லை. சனி பகவானுக்கு உரியதாகச் சொல்லப்படும் நீலம் வேறு கல். நீலம் கேட்டு வருவோரிடம் ஸ்பினலைக் கொடுப்பது, விலை எதுவாயினும், வஞ்சனையே. ஆனால் ஸ்பினலை ஸ்பினலாகவே அறிந்து சேர்ப்போரும் உலகெங்கும் உள்ளனர். இரும்பினால் சாம்பல் படிந்த நீலமே பெரும்பாலும் அகப்படும். கோபால்ட் கலந்து சுடர்விடும் நீலம் மிக அரிது. வியட்நாமின் லுக் யென் பகுதியிலும் இலங்கையிலும் கிடைப்பவை பெரும்பாலும் சிறு கற்களே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செயற்கை நீலம் செய்ய முயன்றவர்களின் உலையிலிருந்து எதிர்பாராமல் வெளிவந்தது ஸ்பினல். அதன்பின் உலைக்கல் மலிவாகப் பெருகிற்று. ஆகவே 'பாட்டனார் காலத்து மோதிரம்' என்பது கல் இயற்கையானது என்பதற்குச் சான்றாகாது. (உலைக்கும் நூறு வயது கடந்துவிட்டதே!)

பெரிதாய், மாசற்று, பளீரென்ற நீலமாய் உள்ள கல் குறைந்த விலைக்கு வந்தால் ஐயுறல் வேண்டும். ஆய்வுக்கூடத்தார் ஒளிவிலகல் எண் காண்பர். இயற்கை ஸ்பினலுக்கு ஏறத்தாழ 1.718; உலைக்கல்லுக்கு 1.728, நீலமோ 1.762, 1.770 என இரு எண்கள் காட்டும். அண்மைக் காலமாக, வெளிறிய இயற்கைக் கல்லையே கோபால்ட்டுடன் சுட்டு நிறமேற்றுவதும் நடைபெறுகிறது. எனவே 'இயற்கை' என்ற ஒரு சொல் மட்டும் போதாது; நிறமேற்றப்படவில்லை என்பதும் சான்றிதழில் இருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தை வாங்குவோரே தேர்ந்தெடுப்பது நலம். பணம் அதன் பின்னரே.

பாட்டனார் மோதிரத்தைச் சோதிக்க விரும்புவோர் கட்டடம் கலைந்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. கல்லின் தட்டையான மேல்முகம் வெளியே தெரிந்தால், பெரும்பாலும் கழற்றாமலேயே அந்த எண்ணைக் கண்டுவிடலாம்.