பாட்டி எங்கே நடப்பது?

"நடங்க, நடங்க" என்று பெரியவர்களைப் பார்த்து டாக்டர்கள் சொல்கிறார்கள். சரி, எங்கே நடப்பது?

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போல உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணி நேரம். இது பெரிய காரியமா? வாசலைத் தாண்டிப் பாருங்கள், தெரியும்!

என் பாட்டியே சாட்சி. எங்கள் வீடு ராயபுரத்தில் ஒரு சந்து. பாட்டி தினமும் சாயங்காலம் கோவிலுக்கு நடந்தே போய் வருவார். அதை யாரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. ஒரு நாள் பிளாட்பாரம் முழுக்க மோட்டார் சைக்கிள். ரோட்டில் இறங்கினார். உடைந்த கால்வாய் மூடி இடறியது. இடுப்பு எலும்பு முறிந்தது!

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னார், "இனிமே நல்லா நடக்கணும்."

"எங்கப்பா நடக்கறது? கூடத்துக்கும் சமையக்கட்டுக்குமா?" என்று பாட்டி என்னைக் கேட்டார். பதில் இல்லை.

6 அடி எங்கே?

நடைபாதையில் ஆள் நடக்க 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி இடம் வேண்டும். உயரம் அரை அடியைத் தாண்டக் கூடாது. 2012-ல் இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த விதி இது. நம் தெருவில்? ஏறும்போதே முட்டி பிடிக்கிறது. ஏறினால் எதிரே மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றினால் கார்!

"சுரங்கப்பாதை இருக்கிறதே" என்பார்கள். முட்டி வலிக்காரர் அத்தனை படி இறங்கி ஏறுவாரா? பேசாமல் வீட்டிலேயே உட்கார்ந்து விடுகிறார். நாமோ "தாத்தாவுக்கு சோம்பல்" என்கிறோம்.

மனசு வைத்தால் முடியும். தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். உட்கார இருக்கையும் போட்டார்கள். கடைத்தெருவுக்குச் செய்ததை கோவில் தெருவுக்கும் ரேஷன் கடைத் தெருவுக்கும் செய்யக் கூடாதா? பெரியவர்கள் நடப்பது அங்கேதானே!

ஒன்று மட்டும். பிளாட்பாரத்தை மீட்கிறேன் என்று பூக்காரம்மாவை விரட்டாதீர்கள். அவருக்கு ஓரமாக இடம் ஒதுக்குங்கள். வழியில் நாலு முகம் தெரிந்தால்தான் வயசானவர்களுக்குத் தெம்பு. முதலில் வண்டிகளை இறக்குங்கள்.

வயது யாரையும் விடாது. இன்று பிளாட்பாரத்தில் வண்டியை நிறுத்துகிறவரும் நாளை கம்பு ஊன்றி அதே வழியாகத்தான் வர வேண்டும்!