யாரு நட்டா?

காசாளர் வேலை பார்க்கும் நாட்களில் எங்கள் வங்கி ஸ்ட்ராங் ரூமின் இரண்டு சாவிகளில் ஒன்று என்னிடம் இருக்கும். காற்றும் வெளிச்சமும் புகாத அறை. பணத்தையும் நகையையும் தவிர அங்கே எதுவும் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். டோக்கியோவில் வங்கிகள் நிறைந்த ஓட்டேமாச்சி பகுதியில், பழைய வங்கிப் பெட்டக அறை ஒன்றில் 2005இல் நெல் விளைவித்தார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. தரைக்குக் கீழே, சூரியனே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் நெல்!

செய்தது பசோனா என்ற கம்பெனி. வேலை தேடும் இளைஞர்களுக்கு விவசாயத்தை அறிமுகப்படுத்துவது நோக்கம் என்றது. 2010இல் தன் தலைமை அலுவலகத்தையே வயலாக்கியது. 50 வருடப் பழைய கட்டடத்தை இடிக்காமல், கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றினார்கள். வடிவமைப்பு கோனோ டிசைன்ஸ். மொத்தம் 2,15,000 சதுர அடியில் 43,000 சதுர அடி செடிகளுக்கு. 200க்கு மேற்பட்ட வகைகள். வரவேற்புக் கூடத்தில் நெல் வயல். கூட்டம் போடும் மேசைக்கு மேலே தக்காளிக் கொடி. எலுமிச்சை மரங்களே தடுப்புச் சுவர். விளைந்தது அந்தக் கட்டடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கே போனது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட கை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

“பயிரு நல்லாத்தான் இருக்கு. யாரு நட்டா?”

“ஆபீசுல வேல பாக்குறவங்களே நட்டாங்களாம்மா. சொல்லிக் குடுக்க வெவசாயம் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க.”

“நட்டவங்க எங்க ஒக்காந்து சாப்ட்டாங்க?”

“அதே எடத்துலதான். மேசையில.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த மௌனம் எனக்குப் புரிகிறது. நட்டவள் கொல்லைப்புறத்தில் நின்று கூழ் வாங்கிக் குடித்த வரலாறு அது. அரிசி சுத்தம், அதை நட்ட கை தீட்டு என்பதுதானே இந்த ஊரின் கட்டடக்கலை? வயல் ஒரு பக்கம், சமையல்கட்டு ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். எனவே வயலையும் சாப்பாட்டு மேசையையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும் யோசனையைப் ‘பணக்காரன் விளையாட்டு’ என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

விளையாட்டு இல்லாமலும் இல்லை. சூரியன் இலவசமாகத் தருவதை மின்சாரத்துக்குக் காசு கட்டி வாங்கி நெல் வளர்ப்பது கணக்குக்கு ஒத்துவராது. கடன் மனு பார்க்கிற எந்தக் குமாஸ்தாவும் இதைச் சொல்லிவிடுவான். கலோரிக் கணக்கில் தன் உணவில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பும் நாடு ஜப்பான். வரவேற்புக் கூடத்து நெல் அந்தக் கணக்கை மாற்றாது. புத்தியோடு செய்தவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1926இல் கட்டிய நகராட்சி நாற்றங்காலின் கண்ணாடிக் கூடம் இடிபட இருந்தது. ஹெர்ட் யான் ஹாகமான் என்ற சமையல்காரர் அதைக் காப்பாற்றி, 2001இல் ‘டெ காஸ்’ உணவகமாக்கினார். அங்கே கண்ணாடி வழியாக வெயிலே வந்து வேலை செய்கிறது. நகருக்கு வெளியே உள்ள அவர்களது வயலும் காய் அனுப்புகிறது.

என் சண்டை மின்சாரத்தோடு முடியவில்லை. பசோனாவின் தொழில் என்ன தெரியுமா தோழர்களே? ஆள் அனுப்புவது. 1976இல் தொடங்கிய கம்பெனி. வேலை ஒரு இடத்தில், சம்பளம் கொடுப்பவன் இன்னொரு இடத்தில். 1985இல் ஜப்பான் இதற்குத் தனிச் சட்டமே போட்டது. 1999இல் பெரும்பாலான வேலைகளுக்கும், 2004இல் தொழிற்சாலைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2008 நெருக்கடி வந்ததும் முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் இந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். கம்பெனி விடுதியில் இருந்தவர்களுக்கு வேலை போன கையோடு கூரையும் போனது. அந்த வருஷக் கடைசி நாளில், ஓட்டேமாச்சியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஹிபியா பூங்காவில், தொண்டர்களும் தொழிற்சங்கங்களும் கூடாரம் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். சுமார் 500 பேர் வந்தார்கள். கூட்டம் தாங்காமல், ஜனவரி 2 ராத்திரி தொழிலாளர் அமைச்சகம் தன் கூடத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அவர்களை அனுப்பியது இந்தக் கம்பெனிதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களை நடுத்தெருவில் விட்ட அதே ஏற்பாட்டில் வளர்ந்த தொழில் இது. பூங்காவில் கஞ்சிக்கு வரிசை நின்ற அடுத்த வருஷம், பக்கத்தில் நெல்லுக்குக் குளிர் படாத வீடு தயாரானது. நெற்பயிருக்கு நிரந்தர இடம், மனுஷனுக்கு மூன்று மாத ஒப்பந்தம்!

கட்டடக்கலை படிக்கும் நம் மாணவர்கள் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து மயங்குகிறார்கள். மயங்கட்டும், அழகுதான். ஆனால் வரைபடத்தில் செடிக்கு எத்தனை அடி என்று எழுதும்போது, தண்ணீர் ஊற்றுகிறவர் எங்கே தூங்குவார், அவர் வேலை எத்தனை நாளுக்கு, பாத்திரம் கழுவுகிறவர் எந்த மேசையில் உட்காருவார் என்பதையும் எழுதுங்கள். கண்ணாடிச் சுவர் செடியை மட்டும் காட்டினால் போதாது.

அம்மாவிடம் பூங்கா விஷயத்தையும் சொன்னேன். “அப்ப அந்த வயலுக்கும் வெளிய ஒரு சேரி இருந்திருக்கு” என்றது.