பாலர் பள்ளியும் கனவான்களின் கணக்கும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றொரு சிறு நகரம். மோட்டார் ஆலை வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பின உழைப்பாளிகள் அங்கே ஏராளம். அவர்களது 3, 4 வயதுக் குழந்தைகளுக்காக 1962-ல் அவ்வூர்ப் பள்ளி நிர்வாகம் பாலர் வகுப்பு தொடங்கியது. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை. காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே போய்த் தாயுடன் பேசுவார்.

123 குழந்தைகளில் 58 பேருக்கே இடம். மீதி 65 பேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியே நிறுத்தப்பட்டனர். (ஏழைப் பிள்ளை சோதனைப் பொருளாகவும் ஆகவேண்டியிருக்கிறது!)

புத்திக்கூர்மைப் பரீட்சையில் வகுப்புக்குப் போன பிள்ளைகள் முதலில் முந்தினார்கள். சில வருஷங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. அத்தோடு கணக்கை மூடியிருந்தால் "பணம் தண்டம்" என்று கனவான்கள் தீர்ப்பளித்திருப்பார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் 40 வயது வரை விடாமல் விசாரித்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், வகுப்புக்குப் போனவர்களில் நூற்றுக்கு 77; போகாதவர்களில் 60. கூலியிலும் முன்னவர்களே மேல்.

இந்த 77-ஐ எடுத்துக்காட்டிப் பாலர் பள்ளி திறக்கும் பலர் அந்த ஐந்தாறை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் நிரம்பிவிட்டதாம்! ஓர் ஆசிரியையிடம் எத்தனை குழந்தைகள்? அதைச் சொல்லிவிட்டு நம்மிடம் புள்ளிவிவரம் பேசட்டும்.